பேண்ட்சா நேராக அறுக்க மறுக்கிறதா? அறிகுறியிலிருந்து பழுதைப் பிடிக்கும் வழி

வீட்டுப் பட்டறைக்கு பேண்ட்சா, அதாவது சக்கரங்களில் வளையமாக ஓடும் பிளேடால் மரம் அறுக்கும் இயந்திரம், வாங்கியவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "பிளேடு கோட்டில் போக மாட்டேன் என்கிறது, இயந்திரத்தையே மாற்றிவிடலாமா?" போய்ப் பார்த்தால் பெரும்பாலும் இயந்திரத்தில் குறை இருக்காது. பிளேடு மழுங்கியிருக்கும். அல்லது அந்த வேலைக்குப் பொருந்தாத பற்களுடன் இருக்கும். அல்லது ஒரு திருகைச் சரிசெய்யப் போய் ஒன்பது திருகுகள் கலைந்திருக்கும். ஒரே பழுதை மீண்டும் மீண்டும் பார்த்து அலுத்ததால், எந்த அறிகுறிக்கு எங்கே கை வைக்க வேண்டும் என்பதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். ஒவ்வொன்றிலும் செலவே இல்லாத காரணம் முதலில் வரும். பணம் கரையும் காரணம் கடைசியில் வரும்.

சில சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். பிளேடின் இரு பக்கமும் நின்று அதைப் பிடிப்பவை கைடுகள். சில இயந்திரங்களில் அவை கட்டைகளாகவும் சிலவற்றில் பேரிங்குகளாகவும் இருக்கும். பிளேடின் முதுகைத் தாங்குவது பின்புற பேரிங். இரண்டு பற்களுக்கு நடுவே மரத்தூள் தங்கும் குழியைப் பல் இடுக்கு என்கிறேன். சக்கரத்தின் விளிம்பைச் சுற்றியுள்ள, பிளேடு படிந்து ஓடும் பட்டை டயர். மரத்தை ஒட்டி நகர்த்த மேசையின்மேல் பூட்டும் நேரான தடுப்பு ஃபென்ஸ்.

## எந்தத் திருகையும் தொடுவதற்கு முன்

மின் இணைப்பைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக் உங்கள் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் கிடக்க வேண்டும். கழற்றிய பிளேடைக் கையாளும்போது கையுறை அணியுங்கள். இயந்திரம் ஓடும்போது அதே கையுறையைக் கட்டாயம் கழற்றிவிடுங்கள்.

அடுத்து, ஒரு புதிய பிளேடை வாங்கிச் சோதனைக்கு மட்டும் என்று எடுத்து வையுங்கள். 14 அங்குல இயந்திரமானால் (அதாவது சக்கரத்தின் விட்டம் 14 அங்குலம்) அரை அங்குல அகலமும் அங்குலத்துக்கு 3 பற்களும் உள்ள பிளேடு போதும். இதை நான் சாட்சிப் பிளேடு என்பேன். வெட்டு கோணலாகும்போதெல்லாம் முதலில் இதை மாட்டி ஒரு பலகையை அறுத்துப் பாருங்கள். வெட்டு நேராகிவிட்டால் பழைய பிளேடுதான் குற்றவாளி, இயந்திரத்தில் எதையும் தொட வேண்டாம். இந்தப் பிளேடை அன்றாட வேலைக்கு எடுத்துவிடாதீர்கள். எடுத்தால் அதன் சாட்சிக்கு மதிப்பில்லை.

சரிசெய்யும் வரிசை எப்போதும் இதுதான்: பிளேடு, இறுக்கம், சக்கரத்தில் அது ஓடும் இடம், கைடு, மேசை, கடைசியாக ஃபென்ஸ். ஃபென்ஸிலிருந்து தொடங்குபவர்கள் ஒரு பிழையை இன்னொரு பிழையால் மூடிவைக்கிறார்கள். அடுத்த பிளேடை மாட்டும் நாளில் இரண்டும் சேர்ந்து வெளியே வரும்.

## அறிகுறி: வெட்டு கோட்டை விட்டு விலகுகிறது

இதில் மூன்று வகை உண்டு. எந்த வகை என்று தெரியாமல் எதையும் சரிசெய்ய முடியாது. ஏறக்குறைய 75 மி.மீ. அகலமும் அரை மீட்டர் நீளமும் உள்ள நேரான பலகை ஒன்றை எடுத்து, அதன் விளிம்புக்கு இணையாகக் கூர்மையான பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். ஃபென்ஸை அகற்றிவிட்டு, கையாலேயே கோட்டின்மேல் அறுத்துக்கொண்டு போங்கள். பலகையின் வால்பகுதி எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதைக் கவனியுங்கள். மூன்று முறை செய்யுங்கள்.

### மூன்று முறையும் ஒரே பக்கம் இழுக்கிறது

பிளேடு சக்கரத்தில் ஓடும் இடம். முதலில் பார்க்க வேண்டியது இது. செலவில்லை. நடுவில் சற்றே மேடாக இருக்கும் டயரில், பிளேடு முன்னோ பின்னோ நகர்ந்தால் அது மேட்டின் சரிவில் சாய்ந்து உட்காரும். பற்கள் பார்க்கும் திசையும் மாறும். மேல் சக்கரத்தின் சாய்வுத் திருகைக் கால் சுற்று திருப்பி, பல் இடுக்கின் அடி டயரின் நடுமேட்டில் வருமாறு ஓட விட்டுப் பாருங்கள். பல நேரங்களில் இழுப்பு இதோடு நின்றுவிடும். உங்கள் டயர் மேடில்லாமல் தட்டையாக இருந்தால் இந்த முறை பொருந்தாது. தட்டை டயர்களில் அகலமான பிளேடின் பற்கள் சக்கர விளிம்புக்குச் சற்று வெளியே நிற்குமாறு ஓட்டுவது வழக்கம். இயந்திரத்தோடு வந்த கையேடு சொல்லும் இடத்தைப் பின்பற்றுங்கள்.

ஒரு பக்கப் பற்கள் மழுங்கியிருப்பது. பற்கள் இடமும் வலமும் மாறி மாறிச் சாய்ந்திருக்கும். மரத்துக்குள் கிடந்த ஆணி ஒரு பக்கப் பற்களை மட்டும் தேய்த்துவிட்டால், கூர் மிச்சமிருக்கும் பக்கத்துக்கு பிளேடு இழுக்கும். சாட்சிப் பிளேடு நேராக அறுத்தால் காரணம் இதுவே. கூரான பக்கப் பற்களை மென்மையான எண்ணெய்க்கல்லால் ஒரே ஒருமுறை லேசாகத் தொட்டு இரண்டு பக்கத்தையும் சமப்படுத்த முடியும். ஆனால் அது அன்றைய வேலையை முடித்துக்கொள்ளத்தான் உதவும். அந்தப் பிளேடின் ஆயுள் முடிந்துகொண்டிருக்கிறது.

கைடு பிளேடைத் தள்ளுவது. மேல் கைடுகளையும் கீழ்க் கைடுகளையும் முழுவதும் விலக்கிவிட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். பிளேடு தன் இயல்பான இடத்தில் நிற்கட்டும். இப்போது ஒவ்வொரு கைடையும் அதன் அருகே கொண்டுவாருங்கள். பிளேடுக்கும் கைடுக்கும் நடுவே ஒரு தாள் நுழையும் இடைவெளி, அதாவது ஏறக்குறைய 0.1 மி.மீ., இருந்தால் போதும். கைடின் முன்விளிம்பு பல் இடுக்குக்கு ஒன்றிரண்டு மி.மீ. பின்னால் நிற்க வேண்டும். முன்னால் வந்தால் பல்லின் சாய்வையே அது தின்றுவிடும். பின்புற பேரிங் சும்மா ஓடும்போது பிளேடைத் தொடக் கூடாது. மரத்தை அழுத்தியதும் தொட்டுச் சுழல வேண்டும். கீழ்க் கைடுகள் மேசைக்கு அடியில் மறைந்திருப்பதால் பலர் அவற்றைப் பார்ப்பதே இல்லை. விளக்கை ஏந்திக்கொண்டு குனிந்து பாருங்கள்.

ஃபென்ஸின் கோணம். மேலே சொன்ன எல்லாம் சரியாகி, புதிய பிளேடிலும் சிறிய இழுப்பு மிச்சமிருந்தால் மட்டுமே இங்கே வாருங்கள். கோடு போட்ட பலகையைப் பாதிவரை கையால் அறுத்து, அசைக்காமல் பிடித்துக்கொண்டே இயந்திரத்தை அணையுங்கள். பிளேடு முழுவதும் நின்ற பிறகு பலகையின் விளிம்பை ஒட்டி மேசையில் பென்சில் கோடு போடுங்கள். ஃபென்ஸை அந்தக் கோட்டுக்கு இணையாகப் பூட்டுங்கள். பிளேடை மாற்றினால் இந்தக் கோணமும் மாறலாம், மறுபடி சோதியுங்கள்.

### ஒருமுறை இடப்பக்கம், மறுமுறை வலப்பக்கம்

இது கோணப் பிழை அல்ல. ஃபென்ஸைத் தொடவே வேண்டாம். பிளேடைப் பிடிக்க யாரும் இல்லை என்பதுதான் இதன் பொருள்.

முதலில் உங்கள் கையைச் சந்தேகியுங்கள். மரத்தை வேகமாகத் தள்ளினால் பல் இடுக்குகள் தூளால் நிரம்பி, பிளேடு வழி தெரியாமல் அலையும். பாதி வேகத்தில் தள்ளிப் பாருங்கள். மேல் கைடு மரத்துக்கு மேல் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்றும் பாருங்கள். 6 மி.மீ. இடைவெளி போதும். உயரத்திலேயே விட்டு வைத்தால் பிளேடு வளைய இடம் கிடைக்கிறது. விரலுக்கும் ஆபத்து.

அடுத்தது இறுக்கம். சிறிய இயந்திரங்களில் பதித்திருக்கும் இறுக்க அளவுகோலை நான் நம்புவதில்லை. அதற்கு அடியிலுள்ள ஸ்பிரிங் ஆண்டுகள் போகப்போகத் தளர்ந்துவிடுகிறது. மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, மேல் கைடை மேசையிலிருந்து 150 மி.மீ. உயர்த்தி, அரை அங்குல பிளேடின் நடுப்பகுதியை விரலால் பக்கவாட்டில் ஓரளவு அழுத்தித் தள்ளுங்கள். 6 மி.மீ. அளவுக்கு நகர்ந்தால் வேலைக்குப் போதுமான இறுக்கம். அதற்கு மேல் தாராளமாக வளைந்தால் இன்னும் இறுக்குங்கள்.

எவ்வளவு இறுக்கினாலும் போதவில்லையா? ஸ்பிரிங்கின் சுருள்களைப் பாருங்கள். ஒன்றோடொன்று முழுவதும் ஒட்டிவிட்டிருந்தால் அதற்கு மேல் திருகிப் பயனில்லை, ஸ்பிரிங்கை மாற்ற வேண்டும். சிறிய பாகம்தான், நீங்களே மாற்றிவிடலாம். ஸ்பிரிங்கும் நன்றாக இருந்து, முக்கால் அங்குல பிளேடு மட்டும் அலைகிறது என்றால் பழுது எதுவும் இல்லை. 14 அங்குல வார்ப்பிரும்பு இயந்திரங்களில் பல, முக்கால் அங்குல பிளேடை மாட்டிக்கொள்ளும், ஆனால் அதற்கு வேண்டிய இறுக்கத்தைத் தராது. சட்டமே லேசாக வளைந்து கொடுத்துவிடும். அரை அங்குலத்துக்கு இறங்குங்கள். சரியாக இறுக்கிய அரை அங்குலம், தளர்ந்த முக்கால் அங்குலத்தைவிட நேராக அறுக்கும். இயந்திரம் வாங்கும்போது விளம்பரத் தாளில் "அதிகபட்ச பிளேடு அகலம்" என்று அச்சிட்டிருப்பதை இந்தக் கண்ணோடுதான் படிக்க வேண்டும்.

### மேலும் கீழும் கோட்டில் இருக்கிறது, நடுவில் வயிறு விழுகிறது

உயரமான கட்டையைப் பலகைகளாகக் கிழிக்கும்போது இது வரும். பலகையின் முகத்தில் நேர்க்கோலைக் குறுக்கே வைத்தால் நடுவில் ஒளி தெரியும், அல்லது கோல் ஆடும்.

பெரும்பாலும் பற்களின் எண்ணிக்கைதான் காரணம். எந்த நேரத்திலும் மரத்துக்குள் குறைந்தது 3 பற்கள் இருக்க வேண்டும், 6 முதல் 12 வரை இருப்பது நல்லது, 24-ஐத் தாண்டினால் தொல்லை. 150 மி.மீ. உயரக் கட்டைக்குள் அங்குலத்துக்கு 6 பல் பிளேடை நுழைத்தால் ஒரே நேரத்தில் ஏறக்குறைய 36 பற்கள் உள்ளே இருக்கும். ஒவ்வொன்றும் வெளியே வருவதற்கு முன்பே அதன் இடுக்கு தூளால் நிரம்பிவிடும். நிரம்பிய பிளேடு எங்கே வளைய முடியுமோ அங்கே வளையும். அதுதான் அந்த வயிறு. அங்குலத்துக்கு 3 பல்லோ 2 பல்லோ உள்ள பிளேடை மாட்டுங்கள். இறுக்கத்தைக் கூட்டுங்கள். மெதுவாகத் தள்ளுங்கள்.

இவை மூன்றும் செய்த பிறகும் வயிறு விழுந்தால் பிளேடு மழுங்கிவிட்டது. பல்லின் நுனியை விளக்குக்கு நேராகத் திருப்பிப் பாருங்கள். கூரான நுனியில் ஒளி தங்காது. மழுங்கிய நுனியில் ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளி மின்னும்.

## அறிகுறி: பிளேடு சக்கரத்தில் நிற்கவில்லை

முன்னும் பின்னும் அலைகிறது, அல்லது கழன்றே விழுகிறது. இங்கே அவசரம் கூடாது. எல்லாச் சோதனையையும் கையால் சுற்றியே செய்யுங்கள். குறைந்தது 20 சுற்று கையால் ஓட்டி நிலையாக நின்ற பிறகு, கதவுகளை மூடிவிட்டு, சுவிட்சை ஒரு கணம் மட்டும் போட்டு அணையுங்கள். அப்போதும் நிலைத்தால்தான் முழு ஓட்டம்.

கைடுகளை விலக்குங்கள். முதலில் இறுக்கம், பிறகு சாய்வுத் திருகு. பலர் தளர்ந்த பிளேடிலேயே ஓட்டத்தைச் சரிசெய்துவிட்டுப் பிறகு இறுக்குகிறார்கள். இறுக்கியதும் ஓடும் இடம் மாறிவிடும், செய்த வேலை வீணாகும். சாய்வுத் திருகைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே மூச்சில் திருப்பாதீர்கள். திருப்பிவிட்டுப் பத்து சுற்று சுற்றிப் பாருங்கள். பிளேடு மெதுவாகத்தான் இடம் மாறும்.

டயரைத் தடவிப் பாருங்கள். பிசினும் தூளும் சேர்ந்து கட்டிக்கட்டியாக ஒட்டியிருந்தால் பிளேடு அந்த மேட்டில் ஏறி இறங்கும். கீழ்ச் சக்கரத்தில்தான் இது அதிகம். மரக்குச்சியால் சுரண்டி எடுங்கள். கீழ்ச் சக்கரத்தை உரசி நிற்குமாறு ஒரு சிறிய பிரஷ்ஷைப் பொருத்திவிட்டால் மறுபடி சேராது. சில இயந்திரங்களில் அது இருக்கும், ஆனால் மயிரெல்லாம் தேய்ந்து கட்டை மட்டும் மிஞ்சியிருக்கும்.

பிளேடே கோணலாக இருக்கலாம். பின்விளிம்புக்கு அருகே ஒரு பென்சில் முனையை அசையாமல் பிடித்து, சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். பிளேடின் ஒரு முழுச் சுற்றுக்கு ஒருமுறை மட்டும் விளிம்பு பென்சிலை நெருங்கி விலகினால், பற்றவைத்த இணைப்பு நேராக இல்லை. கழற்றி, பற்கள் மேலே பார்க்கும்படி சமதளத்தில் வட்டமாக நிறுத்துங்கள். இணைப்புக்கு அருகே முதுகு தரையிலிருந்து தூக்கிக்கொண்டு நிற்பது கண்ணுக்கே தெரியும். அதைத் திருகால் சரிசெய்ய முடியாது. கடையில் திருப்பிக் கொடுங்கள்.

டயர் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க, சக்கரத்தின் குறுக்கே ஒரு குட்டையான நேர்க்கோலை வையுங்கள். மேடுள்ள டயரில் கோல் நடுவில் தொட்டு, இரு ஓரங்களிலும் ஒளி விட வேண்டும். தட்டையாகவோ நடுவில் பள்ளமாகவோ இருந்தால் டயரை மாற்றும் நேரம். யூரித்தேன் டயரைச் சுடுநீரில் சிறிது நேரம் ஊறவைத்தால் இளகி, பசையில்லாமலே சக்கரத்தில் ஏறும். இதை வீட்டில் செய்யலாம். பசையிட்டு ஒட்டி, பிறகு மேடு செதுக்க வேண்டிய ரப்பர் டயரானால் அனுபவமுள்ளவரிடம் கொடுங்கள். கோணலாகச் செதுக்கிய டயரால் வரும் தொல்லைகள் தேய்ந்த டயரைவிட அதிகம்.

இரண்டு சக்கரங்களும் ஒரே தளத்தில் நிற்கின்றனவா என்ற சோதனையைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன், காரணத்தோடுதான். பிளேடை இறுக்கிய நிலையில் நீண்ட நேர்க்கோல் ஒன்றை இரண்டு சக்கரங்களின் விளிம்பிலும் படுமாறு வைத்தால் வேறுபாடு தெரியும். ஆனால் பிளேடு நிலையாக ஓடி, வெட்டும் நேராக இருந்தால், கோலில் தெரியும் சிறு வேறுபாட்டுக்காகச் சக்கரத்தைக் கழற்றாதீர்கள். நல்ல இயந்திரங்களை இந்த ஒரு சோதனைக்காகவே கலைத்துவிட்டு நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். வேறு எதுவும் பலிக்காதபோது மட்டும், சக்கரத்துக்குப் பின்னால் வாஷர் கொடுத்துத் தளத்தைச் சமன் செய்யலாம்.

தொழில்முறையாளரை அழைக்க வேண்டிய இடம்: பிளேடைக் கழற்றிவிட்டு மேல் சக்கரத்தை இரு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். 'கடக்' என்ற ஆட்டம் தெரிந்தால் பேரிங்கோ அச்சோ தேய்ந்திருக்கிறது. பேரிங்கை மாற்றுவது எளிது. அச்சைத் தாங்கும் கீல் வளைந்திருந்தால் லேத் பட்டறைக்குப் போக வேண்டியிருக்கும். பழைய இயந்திரம் வாங்கப் போகும்போது பேரம் பேசுவதற்கு முன் இந்த ஒரு ஆட்டத்தை ஆட்டிப் பாருங்கள்.

## அறிகுறி: கோடு சரி, ஆனால் வெட்டு செங்குத்தாக இல்லை

மேசையில் மூலைமட்டத்தை வைத்து பிளேடோடு ஒட்டிப் பார்ப்பதுதான் வழக்கம். சாய்ந்த பல்லின் நுனி மட்டத்தில் பட்டால் தவறான விடை கிடைக்கும், ஆகவே பற்களுக்குப் பின்னால் உள்ள தட்டைப் பகுதியில் மட்டத்தை வையுங்கள். நான் இன்னொரு சோதனையையும் செய்வேன். ஒரு தடித்த கட்டையில் பிளேடால் ஒரு சிறு வெட்டு போட்டு, இயந்திரத்தை அணைத்து, கட்டையை வெளியே எடுக்கிறேன். அதை மேல்கீழாகப் புரட்டி பிளேடின் பின்பக்கம் கொண்டுபோய், பிளேடின் முதுகு அந்த வெட்டுக்குள் நுழைகிறதா என்று பார்க்கிறேன். தொடாமல் நுழைந்தால் மேசை செங்குத்து. மேலேயோ கீழேயோ தட்டினால் இல்லை. பிழை இருமடங்காகத் தெரிவதால் கண் ஏமாறாது.

செங்குத்து இல்லையா? மேசைக்கு அடியில் பூஜ்ஜிய நிலையைத் தீர்மானிக்கும் நிறுத்தத் திருகு ஒன்று இருக்கும். அதைச் சரிசெய்து பூட்டுங்கள், வேலை முடிந்தது.

செங்குத்தாகத்தான் இருக்கிறது, ஆனால் வெட்டு இன்னும் சாய்கிறதா? மேசையின் நடுவே பிளேடைச் சுற்றி இருக்கும் சிறிய வட்டத் தகட்டைத் தடவிப் பாருங்கள். மேசையைவிட ஒரு மயிரிழை உயர்ந்து நின்றாலும் மரம் அதன்மேல் ஏறி ஆடும். விரல் நகம் இடறும் அளவே போதும். தகட்டைத் தேய்த்து மட்டமாக்குங்கள், அல்லது மரத்தில் புதிதாகச் செய்து பொருத்துங்கள். அறுக்கும் மரத்தின் அடி இழைத்துச் சமமாக்கப்பட்டதா என்றும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

## அறிகுறி: ஓடும்போது 'டக், டக்' என்ற சத்தம்

உடனே அணையுங்கள். இந்தச் சத்தம் பிளேடு அறுவதற்கு முன் கொடுக்கும் எச்சரிக்கையாக இருக்கக்கூடும்.

சத்தம் பிளேடிலிருந்தா, சக்கரத்திலிருந்தா? 14 அங்குல இயந்திரத்தில் சக்கரம் இரண்டு சுற்றுக்குச் சற்று மேல் சுற்றினால்தான் பிளேடு ஒரு முழுச் சுற்று வரும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிளேடில் ஓர் இடத்திலும் சக்கரத்தில் ஓர் இடத்திலும் சாக்பீஸ் அடையாளம் போட்டுக் கையால் சுற்றுங்கள். தட்டல் எந்த அடையாளத்தோடு சேர்ந்து திரும்பி வருகிறது என்று பாருங்கள்.

பிளேடோடு வந்தால்: இணைப்பை நகத்தால் பின்பக்கமும் பக்கங்களிலும் வருடுங்கள். நகம் இடறினால் அந்த மேடு கைடில் தட்டுகிறது, கல்லால் தேய்த்துவிடலாம். நகம் இடறவில்லை என்றால் பல் இடுக்குகளை ஒவ்வொன்றாக விளக்கில் பாருங்கள். இடுக்கின் அடியிலிருந்து மயிரிழைபோல் ஒரு விரிசல் ஓடினால் அந்தப் பிளேடை அப்போதே மடக்கி ஒதுக்குங்கள். "இந்த ஒரு பலகையை முடித்துவிட்டு" என்ற நினைப்பே வேண்டாம்.

சக்கரத்தோடு வந்தால்: டயரில் கிழிசல், ஒட்டிய கட்டி, அல்லது இறுக்கிய பிளேடு மாதக்கணக்கில் அப்படியே நின்றதால் விழுந்த பள்ளம். சில நாட்களுக்கு இயந்திரத்தைத் தொடப் போவதில்லை என்றால் இறுக்கத்தைத் தளர்த்திவிட்டுப் போங்கள். தளர்த்தியிருக்கிறது என்று ஒரு சீட்டு எழுதி சுவிட்சில் ஒட்டுங்கள், தளர்ந்த பிளேடோடு யாரும் ஓட்டிவிடக் கூடாது.

## அறிகுறி: இயந்திரமே அதிர்கிறது

பிரித்துப் பிரித்துப் பாருங்கள். நான்கு காலும் தரையில் படுகின்றனவா? முதலில் அதுதான். பிறகு பிளேடைக் கழற்றி ஓட்டுங்கள். அதிர்வு நின்றால் பழுது பிளேடிலோ மேல் சக்கரத்திலோ இருக்கிறது. நிற்கவில்லை என்றால் பெல்ட்டையும் கழற்றி மோட்டாரை மட்டும் ஓட்டுங்கள். இப்போது நின்றால் பெல்ட், புல்லி, கீழ்ச் சக்கரம் ஆகிய மூன்றில் ஒன்று. அப்போதும் அதிர்ந்தால் மோட்டார்தான், அதை மோட்டார் பட்டறைக்குக் கொடுங்கள்.

நான் கண்டவரை அதிகம் பிடிபடுவது பெல்ட். நீண்ட நாள் ஓடாமல் நின்ற பெல்ட் புல்லியின் வளைவையே தன் வடிவமாக எடுத்துக்கொள்கிறது. கழற்றி நேராகத் தொங்கவிட்டால் அந்தக் கூன் தெரியும். புல்லிகளின் திருகு தளர்ந்திருக்கிறதா, இரண்டும் ஒரே நேர்க்கோட்டில் நிற்கின்றனவா என்றும் பாருங்கள். சக்கரத்தின் சமநிலையைச் சோதிக்க, பிளேடும் பெல்ட்டும் இல்லாமல் அதைக் கையால் சுழற்றிவிட்டுத் தானாக நிற்க விடுங்கள். ஐந்தாறு முறையும் ஒரே இடம்தான் அடியில் வந்து நிற்கிறது என்றால் அந்த இடம் கனமானது. டயரை மாற்றியும் அது தீரவில்லை என்றால் சக்கரத்தைச் சமன்செய்பவரிடம் அனுப்ப வேண்டும்.

## அறிகுறி: பிளேடு அடிக்கடி அறுகிறது

அறுந்த பிளேடைத் தூக்கி எறியாதீர்கள். எந்த இடத்தில் அறுந்தது என்பதிலேயே விடை இருக்கிறது.

இணைப்பிலேயே அறுந்ததா? பற்றவைத்தவரின் பிழை. பற்றவைத்த பிறகு அந்த இடத்தை மறுபடி சூடாக்கி மெல்ல ஆறவிட வேண்டும், விட்டுவிட்டால் எஃகு கண்ணாடிபோல் முறியும். வேறு இடத்தில் பிளேடு வாங்குங்கள்.

விரிசல் பின்விளிம்பிலிருந்து தொடங்கியதா? பின்புற பேரிங்தான் காரணம். ஓயாமல் முதுகைத் தேய்த்து அந்த விளிம்பைக் கடினமாக்கிவிட்டது. அது சுழல்கிறதா என்று விரலால் உருட்டிப் பாருங்கள். உறைந்துபோன பேரிங்கின் முகத்தில் பிளேடு ஒரு பள்ளமே வெட்டியிருக்கும். மாற்றிவிட்டு, 0.4 மி.மீ. இடைவெளி விடுங்கள்.

விரிசல் பல் இடுக்கிலிருந்து தொடங்கியதா? மழுங்கிய பிளேடை அழுத்தி ஓட்டியிருக்கலாம், அளவுக்கு மேல் இறுக்கியிருக்கலாம், குறுகிய வளைவில் அகலப் பிளேடை முறுக்கியிருக்கலாம். இவை எதுவும் இல்லை என்றால் பிளேடின் தடிமனைப் பாருங்கள். ஒவ்வொரு சுற்றிலும் அது இரண்டு முறை வளைந்து நிமிர்கிறது. சக்கரம் சிறிதாகச் சிறிதாக அந்த வளைவு கடுமையாகும். 14 அங்குலச் சக்கரத்துக்கு 0.6 மி.மீ. தடிமனைத் தாண்டாதீர்கள். அதைவிடச் சிறிய மேசை இயந்திரங்களுக்கு இன்னும் மெல்லிய பிளேடு வேண்டும். மூன்று சிறிய சக்கரங்கள் கொண்ட பழைய வகை இயந்திரங்களில் பிளேடு சீக்கிரம் அறுவது அவற்றின் பிறவிக் குணம். விலை மலிவாகக் கிடைக்கிறது என்று அதை வாங்கினால், மிச்சப்படுத்திய பணம் பிளேடாகவே போய்விடும்.

நீளம் தவறான பிளேடும் தொல்லை தரும். மேல் சக்கரத்தைத் தன் ஏற்ற இறக்கத்தின் நடுவில் நிறுத்தி, இரு அச்சுகளுக்கு இடையிலான தூரத்தை இரண்டால் பெருக்கி, சக்கரத்தின் சுற்றளவைக் கூட்டுங்கள். அதுதான் உங்கள் பிளேடின் நீளம். 14 அங்குல வார்ப்பிரும்பு இயந்திரங்களில் பெரும்பாலானவற்றுக்கு இது 93½ அங்குலம் வரும்.

## அறிகுறி: வளைவில் திரும்பவில்லை, மரம் கருகுகிறது

பெரும்பாலும் பழுதே அல்ல, பிளேடு அகலம். கால் அங்குல பிளேடு ஏறக்குறைய 16 மி.மீ. ஆரம் வரை திரும்பும். அரை அங்குலத்துக்கு 64 மி.மீ. ஆரமாவது வேண்டும். எட்டில் ஒரு பங்கு அங்குல பிளேடு 5 மி.மீ. வரை திரும்பும். அதற்குக் கீழே போக வேண்டுமானால் வளைவை நோக்கிக் குறுக்கே பல சிறு வெட்டுகள் போட்டு, துண்டு துண்டாக விழச் செய்யுங்கள். ஓடும் பிளேடிலிருந்து மரத்தை நீளமாகப் பின்னோக்கி இழுக்காதீர்கள். பிளேடு சக்கரத்தை விட்டு முன்னால் வந்துவிடும். அணைத்து, நின்ற பிறகு இழுங்கள்.

நேர் வெட்டிலேயே கருகினால்: பிசின் ஒட்டியிருக்கிறதா என்று பிளேடின் பக்கங்களைப் பாருங்கள், கழுவுங்கள். பிறகு பற்களின் எண்ணிக்கை. 20 மி.மீ. பலகைக்கு அங்குலத்துக்கு 6 பல் பொருந்தும். அதே பிளேடு 100 மி.மீ. கட்டையில் கருக்கும். கடைசியாக மழுங்கல்.

## அறிகுறி: மோட்டார் திணறுகிறது, அல்லது ரீங்கரித்துவிட்டு நிற்கிறது

பாதி வெட்டில் வேகம் குறைகிறது என்றால் மேல் சக்கரத்தைக் கவனியுங்கள். மோட்டார் சத்தம் மாறாமல் சக்கரம் மட்டும் தயங்கினால் பெல்ட் வழுக்குகிறது, இறுக்குங்கள். மோட்டாரே தாழ்ந்து முனகினால் முதலில் நீட்டிப்பு வயரைப் பாருங்கள். மெல்லிய, நீளமான வயர் மின்னழுத்தத்தை வழியிலேயே தின்றுவிடும். கையால் தொட்டால் சூடாக இருக்கும். சுவர் இணைப்பிலேயே நேரடியாகச் செருகிச் சோதியுங்கள்.

அதுவும் இல்லை என்றால் நீங்கள் அந்த இயந்திரத்திடம் கேட்பது அதிகமா என்று பாருங்கள். 1 குதிரைத்திறன் மோட்டார் கூரான 3 பல் பிளேடோடு 150 மி.மீ. கட்டையை நிதானமாகக் கிழித்துவிடும். சட்டத்தின் நடுவே உயரக்கட்டை செருகி 300 மி.மீ. வரை திறந்துகொண்டவர்கள், மோட்டாரும் சட்டமும் பழையவைதான் என்பதை மறந்துவிடுகிறார்கள். அந்த உயரத்தில் அன்றாடம் கிழிக்க வேண்டுமானால் பெரிய மோட்டாரும் வலுவான எஃகுச் சட்டமும் உள்ள இயந்திரத்தைத் தேடுவதே சரி.

சுவிட்சைப் போட்டதும் சுழலாமல் ரீங்காரம் மட்டும் வந்தால் இரண்டு வினாடிக்கு மேல் விடாதீர்கள், மோட்டாரின் கம்பிச்சுருள் எரிந்துவிடும். பிளக்கைப் பிடுங்கி, சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். சுற்றவில்லை என்றால் எங்கோ மரத்துண்டு சிக்கியிருக்கிறது. எளிதாகச் சுற்றினால் ஒற்றை மின்கட்ட மோட்டாரின் கெப்பாசிட்டரையோ தொடக்க சுவிட்சையோ சந்தேகிக்க வேண்டும். இங்கே கருவிகளைக் கீழே வைத்துவிடுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் மின்னூட்டம் தங்கியிருக்கும். அதன் மூடியைத் திறப்பது எலக்ட்ரீஷியனின் வேலை.

மேசையைத் தொடும்போது விரலில் சுள்ளென்ற உணர்வு வந்தாலும், பிரேக்கர் விழுந்துகொண்டே இருந்தாலும், மோட்டாரிலிருந்து கருகிய வார்னிஷ் வாடை வந்தாலும் அப்படியே. பிளக்கைப் பிடுங்கி, அதைச் சுருட்டி இயந்திரத்தின் மேலேயே கட்டிவைத்துவிட்டு, எலக்ட்ரீஷியன் வந்து பார்க்கும்வரை யாரும் செருகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.